பாக்டீரியா வளர்ச்சியை வகுப்பறையில் கற்பித்தல்: புதிய அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

பாக்டீரியா வளர உணவும் ஈரமும் வேண்டும், தகுந்த வெப்பநிலையும் அமிலத்தன்மையும் வேண்டும், ஆக்சிஜன் சிலவற்றுக்கு வேண்டும், சிலவற்றுக்கு ஆகாது என்று பாடநூல்கள் ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடுகின்றன. மாணவர்களும் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அதே மாணவரிடம், ஃபிரிட்ஜில் வைத்த பாலில் இருக்கும் பாக்டீரியா செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் செத்துவிட்டது என்றே விடை வரும். வளராமல் நிற்பதும் இறப்பதும் வேறு வேறு என்ற வேறுபாடு மனத்தில் பதியாதவரை, வெப்பநிலை, உப்பு, அமிலம் பற்றி நாம் நடத்தும் எதுவும் வெறும் பட்டியலாகவே நிற்கும். ஆகவே இந்தப் பாடத்தை முதன்முறை நடத்தப்போகும் ஆசிரியருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஒவ்வொரு சூழலையும் மாற்றிக் காட்டுவதோடு நிறுத்தாமல், அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு என்ன நடக்கிறது என்பதையும் காட்ட வேண்டும்.

இங்கே விவரிக்கும் செய்முறைகள் எட்டாம் வகுப்பு முதல் மேல்நிலை வகுப்புகள் வரை பயன்படும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாலும் தயிரும் போதும். தயிரில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்களை நாம் அன்றாடம் உண்கிறோம் என்பதால், பள்ளியில் கையாள அவற்றைவிடப் பாதுகாப்பான பாக்டீரியாவைத் தேடிப் பிடிப்பது கடினம்.

முதல் படி: செய்முறைக்கு முன் கணக்கு

வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும், நாய்க்குட்டி வளர்ந்து நாயாவதைப்போல ஒரு பாக்டீரியா பருத்துப் பெரிதாவதையே மாணவர்கள் கற்பனை செய்கிறார்கள். பாக்டீரியாவைப் பொறுத்தவரை வளர்ச்சி என்பது எண்ணிக்கை பெருகுவது. ஒரு செல் ஏறக்குறைய இரு மடங்கு நீண்டு, தன் மரபுப்பொருளைப் படியெடுத்துக்கொண்டு, நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரிகிறது. இதை இரு சமப் பிளவு என்கிறோம். ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியா, எல்லா வசதியும் அமைந்தால், சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்.

இந்த ஒரு தகவலை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, மீதிக் கணக்கை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் 8, இரண்டு மணி நேரத்தில் 64 என்று தொடங்கும்போது யாரும் வியப்படைவதில்லை. ஏழு மணி நேரத்தில் அது 20 லட்சத்தைத் தாண்டும்; பத்து மணி நேரத்தில் 107 கோடியாகும். ஒரு செல்லின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்தில் அவற்றின் மொத்த எடை சுமார் 4,700 டன் வரும். 48 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் பூமியின் எடையைப்போல மூவாயிரம் மடங்குக்கும் மேல் போய்விடும். இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர், அப்படியானால் ஏன் பூமி முழுவதும் பாக்டீரியாவாக மாறிவிடவில்லை என்று கட்டாயம் கேட்பார். யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். உணவு தீர்ந்துவிடுகிறது, கழிவு சேர்ந்துவிடுகிறது, சூழல் மாறிவிடுகிறது என்று மாணவர்கள் தாமாகவே சொல்லும் விடைகள்தாம் நாம் நடத்தப்போகும் பாடத்தின் தலைப்புகள். அவற்றைப் பலகையின் ஓரத்தில் எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

வளர்ச்சி வரைபடத்தை இந்தக் கட்டத்தில் வரைந்துவிட வேண்டாம். புதிய வளர்ப்பு ஊடகத்துக்குப் பழகிக்கொள்ளும் ஆயத்த நிலை, வேகமாக இரட்டிக்கும் மடக்கை நிலை, பிறப்பும் இறப்பும் ஈடாகும் நிலைத்த நிலை, எண்ணிக்கை சரியும் வீழ்ச்சி நிலை ஆகிய நான்கையும் முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு வரும் அளவீடுகளை மாணவர்கள் அந்த வடிவத்துக்குள் வலிந்து பொருத்தத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாம் படி: ஏழு குவளைத் தயிர்

இதுவே பாடத்தின் மையம் என்பதால், இதற்கு ஒரு முழுப் பள்ளி நாளையும் மறுநாள் காலையையும் ஒதுக்குங்கள். வேண்டியவை: ஒரு லிட்டர் பாக்கெட் பால், புளிப்பு மிகாத புதிய தயிர், ஒரே அளவுள்ள ஏழு மூடி போட்ட குவளைகள், வெப்பமானி, ஊசி நீக்கிய சிரிஞ்சு, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; அமிலம் கூடினால் இது குறையும்) 4 முதல் 7 வரை நுட்பமாகக் காட்டும் சோதனைத் தாள், கல் உப்பு, ஒரு ஹாட் பாக்ஸ், ஃபிரிட்ஜ். ஒன்று முதல் பதினான்கு வரை காட்டும் வண்ணத் தாளைக் கடையில் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். நாம் பார்க்கப்போகும் மாற்றம் அதில் ஒரு நிறத்துக்குள் அடங்கிவிடும்.

பாலைக் காய்ச்சி, அறை வெப்பநிலைக்கு ஆறவைத்து, குவளைக்கு 100 மில்லிலிட்டர் வீதம் ஊற்றுங்கள். குவளைகளையும் கரண்டியையும் முன்பே கொதிநீரில் அலசி வைத்திருக்க வேண்டும். தயிரைக் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கை எடுத்து, காய்ச்சி ஆறிய பால் ஒன்பது பங்குடன் கலந்து தனியாக வையுங்கள். இது பத்தில் ஒன்றாக நீர்க்கச் செய்த உறைமோர்.

அ குவளையில் அடித்த தயிர் 5 மில்லிலிட்டர் சேர்த்து அறை வெப்பநிலையில் வையுங்கள். ஆ குவளையில், நீர்க்கச் செய்த உறைமோரில் 5 மில்லிலிட்டர் சேர்த்து, அதையும் அறை வெப்பநிலையில் வையுங்கள். இ குவளை அ-வைப் போன்றதே. ஆனால் அதை 42 டிகிரி செல்சியஸ் வெந்நீர் ஊற்றிய ஹாட் பாக்ஸுக்குள் நிறுத்த வேண்டும். நீர் ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் சேர்த்து 40 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு குழுவை நியமியுங்கள். ஈ குவளைக்கும் அதே அளவு உறை. இடம் மட்டும் ஃபிரிட்ஜ். உ குவளையின் பாலை 80 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே உறையைச் சேர்த்து, பத்து நிமிடம் அதே வெப்பத்தில் நிறுத்திய பின் ஆறவிட்டு அறையில் வையுங்கள். ஊ குவளையில் 10 கிராம் உப்பைக் கரைத்து, பிறகு உறை ஊற்றுங்கள். எ குவளைக்கு உறையே வேண்டாம், அது ஒப்பீட்டுக்கானது.

உறை ஊற்றியதும் எல்லாக் குவளைகளின் பிஎச் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாலின் பிஎச் 6.6 முதல் 6.8 வரை இருக்கும். தயிர் சேர்த்த குவளைகளில் தயிரோடு வந்த அமிலத்தால் தொடக்கத்திலேயே சற்றுக் குறைந்திருக்கும். இந்தத் தொடக்க அளவை விட்டுவிட்டால் பின்னால் வரும் ஒப்பீடுகள் எல்லாம் பழுதாகிவிடும். அதன்பின் மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு குவளைக்கும் தனிக் கரண்டியால் ஒரு துளி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். குவளையை ஆட்டக் கூடாது. சோதனைக்கூடத்தில் வைத்த எதையும் யாரும் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். தயிர்தானே என்ற துணிச்சல் எல்லா வகுப்பிலும் உண்டு.

மணிக்கணக்கில் காத்திருக்கும்போது, இங்கே நாம் பாக்டீரியாவை எண்ணவில்லை, அவை செய்யும் வேலையை அளக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்துங்கள். பாக்டீரியா பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அமிலம் கூடக்கூட பிஎச் இறங்கி, 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் என்னும் பால் புரதம் தன் மின்னூட்டச் சமநிலையை எட்டி ஒன்றோடொன்று பிணைந்துகொள்கிறது. தயிர் கெட்டிப்படுவது இதனால்தான். பால் புளிப்பதற்கு நுண்ணுயிரே காரணம் என்று லூயி பாஸ்டர் 1857-இல் எழுதியதும் இந்த லாக்டிக் அமில நொதித்தலை ஆராய்ந்துதான் என்பதால், மாணவர்கள் அளந்துகொண்டிருப்பது அறிவியல் வரலாற்றில் முக்கியமான ஒரு பொருளையே என்று சொல்லலாம்.

முடிவுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது. இ குவளை பெரும்பாலும் மற்றவற்றுக்கு முன்பே, பள்ளி முடிவதற்குள் உறைந்துவிடும். அ குவளை அன்று மாலையோ இரவிலோ உறையும். இதிலிருந்து, வெப்பம் கூடினால் வளர்ச்சி கூடும் என்று மாணவர்கள் உடனே பொதுவிதி எழுதிவிடுவார்கள். அந்த விதியை உடைக்கவே உ குவளை இருக்கிறது. அது மறுநாளும் தயிராகியிருக்காது. ஆறாத பாலில் உறை ஊற்றினால் தயிராகாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒரு குறைந்தபட்ச வெப்பநிலை, ஓர் உகந்த வெப்பநிலை, ஓர் உச்ச வெப்பநிலை என மூன்று எல்லைகள் உண்டு. உகந்த நிலையைத் தாண்டியதும் வளர்ச்சி படிப்படியாகக் குறைவதில்லை. நொதிகள் சிதைவதால் செங்குத்தாகச் சரிந்துவிடும். இந்த எல்லைகள் எல்லா இனங்களுக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் 70 டிகிரி வெப்பத்தில் செழித்து வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவை தாமஸ் பிராக் 1960-களில் கண்டறிந்ததும், அதன் நொதிதான் பின்னர் மரபுப்பொருளைப் பலமுறை படியெடுக்கும் பிசிஆர் சோதனைக்கு அடிப்படையானதும் மேல்நிலை மாணவர்களுக்குச் சொல்லத் தக்கவை.

மறுநாள் காலையில் செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஈ குவளையின் பிஎச் முந்தைய நாளிலிருந்து அதிகம் மாறியிருக்காது. உ குவளையிலும் மாற்றம் இருக்காது. இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டிலும் பாக்டீரியா வளரவில்லை, அப்படியானால் இரண்டிலும் நிலைமை ஒன்றுதானா என்று கேளுங்கள். பிறகு ஈ குவளையை வெளியே எடுத்து அறை வெப்பநிலையில் விடுங்கள். மாலைக்குள் அதன் பிஎச் இறங்கத் தொடங்கும்; இரவுக்குள் தயிராகும். உ குவளையை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் அது நல்ல தயிராவதில்லை. குளிர் நிறுத்தி வைத்தது, சூடு கொன்றது என்ற வேறுபாட்டை இதற்குமேல் விளக்க வேண்டியிருக்காது. உணவை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நெடுநேரம் விட்டுவைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு விதி இந்த இரு எல்லைகளின் மீதுதான் நிற்கிறது என்பதை அப்போது இணைத்துச் சொல்லுங்கள்.

ஊ குவளையில் உப்பு வளர்ச்சியைப் பெரிதும் தடுத்திருப்பதைக் காணலாம். உப்பு பாக்டீரியாவைச் சுடுவதாகச் சிலர் எழுதுவார்கள். நடப்பது வேறு: வெளியே உப்புச் செறிவு மிகும்போது செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறுகிறது, வெளியே இருக்கும் நீரும் பாக்டீரியாவுக்குப் பயன்படாமல் போகிறது. பாலில் நீர் நிறையத்தான் இருக்கிறது, ஆனால் பாக்டீரியாவால் எடுத்துக்கொள்ள முடிகிற நீர் குறைந்துவிட்டது. கருவாடு, ஊறுகாய், வெல்லப்பாகு, தேன் ஆகியவை கெடாமல் இருப்பதற்கும் இதே காரணம். இங்கும் திருப்பிக் காட்டலாம்: ஊ குவளையிலிருந்து 10 மில்லிலிட்டர் எடுத்து 90 மில்லிலிட்டர் புதிய பாலில் ஊற்றி வைத்தால் உப்பு நீர்த்துப்போய், உயிரோடு எஞ்சிய பாக்டீரியா மீண்டும் பெருகும்.

எ குவளையைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். உறை ஊற்றாத காய்ச்சிய பால் அப்படியே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் அதுவும் கெடும். ஆனால் தயிராகாமல், துர்நாற்றத்தோடும் சில சமயம் கசப்போடும் திரியும். கொதிக்கும் வெப்பத்தைத் தாங்கும் வித்துகளை பேசில்லஸ் போன்ற சில இனங்கள் உருவாக்குகின்றன. அவை காய்ச்சிய பாலிலும் தப்பிப் பிழைத்து, பால் ஆறியபின் முளைக்கின்றன. சமைத்த சோற்றை வெதுவெதுப்பாகவே நெடுநேரம் வைத்திருந்தால் வரும் கோளாறுக்கும் இந்த இனத்தைச் சேர்ந்த பேசில்லஸ் சீரியஸ் ஒரு காரணம். 100 டிகிரி எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை இங்கே முறியும். முழுமையான கிருமி நீக்கத்துக்கு 121 டிகிரி ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கும் வழி பிறக்கும்.

அ, ஆ குவளைகளின் ஒப்பீட்டை மேல்நிலை வகுப்புக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. ஆ குவளையில் பத்தில் ஒரு பங்கு பாக்டீரியாதான் இருந்தது. அப்படியானால் அது உறையப் பத்து மடங்கு நேரம் ஆகுமா என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பலர் ஆம் என்பார்கள். உண்மையில் சில மணி நேரத் தாமதம் மட்டுமே இருக்கும். ஏனெனில் ஒன்று பத்தாவதற்கு மூன்றே கால் இரட்டிப்புக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். இரு குவளைகளும் பிஎச் 5.5-ஐத் தொட்ட நேரங்களின் வேறுபாட்டை 3.3 ஆல் வகுத்தால் தோராயமான இரட்டிப்பு நேரம் கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, வேறுபாடு 140 நிமிடம் என்றால் இரட்டிப்பு நேரம் சுமார் 42 நிமிடம். நுண்ணோக்கியும் இல்லாமல் எண்ணும் கருவியும் இல்லாமல், வெறும் வண்ணத் தாளையும் கடிகாரத்தையும் கொண்டு ஒரு பாக்டீரியா எவ்வளவு நேரத்தில் இரட்டிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டதை மாணவர்கள் எளிதில் மறப்பதில்லை. தயிரோடு வந்த அமிலம் அ குவளைக்குச் சிறிது முன்னிலை தந்துவிடுகிறது என்பதால் இது துல்லியமான அளவல்ல. அந்தக் குறையை மாணவர்களே கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள்.

உணவு இல்லாத சூழலைக் காட்டுவதற்காகப் பாலுக்குப் பதில் வெறும் நீரில் உறை ஊற்றிப் பிஎச் அளக்கச் சில ஆசிரியர்கள் முயல்வதுண்டு. அது வேண்டாம். பாலில் உள்ள புரதங்களும் உப்புகளும் அமில மாற்றத்தைத் தாங்கிக்கொள்பவை. நீருக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. ஒரு தேக்கரண்டித் தயிர் விழுந்ததுமே நீரின் பிஎச் சட்டென்று இறங்கிவிடும். அதைக் கண்டு, நீரில்தான் பாக்டீரியா வேகமாக வளர்கிறது என்ற தவறான முடிவுக்கு வகுப்பு வந்துவிடும்.

எல்லா அளவீடுகளும் கைக்கு வந்தபின்தான் வளர்ச்சி வரைபடத்துக்குப் போக வேண்டும். முதல் மணி நேரங்களில் பிஎச் மெதுவாகவே நகர்ந்தது, பிறகு வேகமாக இறங்கியது, 4.5 அருகே வந்ததும் ஏறக்குறைய நின்றுவிட்டது. கடைசியில் ஏன் நின்றது? பாலில் லாக்டோஸ் இன்னும் மிச்சம் இருக்கிறது. தாம் உண்டாக்கிய அமிலமே தம்மைத் தடுத்துவிட்டது. முதல் வகுப்பில் பலகையின் ஓரத்தில் எழுதிய விடைகளுள் எது இங்கே பொருந்துகிறது என்று மாணவர்களே சுட்டிக்காட்டட்டும்.

மூன்றாம் படி: ஆக்சிஜனைப் பார்ப்பது

ஆக்சிஜன் பற்றிய பகுதியைப் பெரும்பாலோர் பெயர்ப் பட்டியலாகவே நடத்திவிட்டுப் போகிறார்கள். மெத்திலீன் நீலம் என்னும் சாயம் கிடைத்தால் அந்தக் குறையைத் தீர்க்கலாம். இது ஆக்சிஜன் உள்ள இடத்தில் நீலமாகவும், ஆக்சிஜன் தீர்ந்து ஒடுக்கம் (எலக்ட்ரானை ஏற்கும் வேதிமாற்றம்) நடக்கும்போது நிறமற்றும் இருக்கும். பால் பண்ணைகளில் கறந்த பாலின் தரத்தைச் சோதிக்க இம்முறை நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

நான்கு சோதனைக்குழாய்களில் தலா 10 மில்லிலிட்டர் பால் எடுத்துக்கொள்ளுங்கள்: அப்போதுதான் காய்ச்சி ஆறவைத்த பால், புதிதாகப் பிரித்த பாக்கெட் பால், பிரித்து ஐந்தாறு மணி நேரம் வெளியே வைத்த பாக்கெட் பால், கறந்த பச்சைப் பால். ஒவ்வொன்றிலும் வெளிர் நீலம் தட்டும் அளவுக்கு நீர்த்த சாயம் 1 மில்லிலிட்டர் சேர்த்து, அடைத்து, ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, 37 டிகிரி வெந்நீரில் நிறுத்துங்கள். பாக்டீரியா மிகுந்த பாலில் நீலம் முதலில் மறையும். பச்சைப் பால் அரை மணி நேரத்துக்குள் நிறம் இழந்தால் அது மிக மோசமான பால் என்றும், ஐந்து மணி நேரம் தாங்கினால் மிக நல்ல பால் என்றும் பண்ணைகளில் கொள்வார்கள். பச்சைப் பாலைக் கையாண்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பது உங்கள் பொறுப்பு.

பாக்டீரியா நீலத்தைத் தின்றுவிட்டது என்று ஒரு விளக்கம் வகுப்பில் எழும். மறுத்துப் பேச வேண்டாம். நிறம் மறைந்த குழாயை நன்றாகக் குலுக்கச் சொல்லுங்கள்; காற்று கலந்ததும் நீலம் திரும்பிவிடும். சாயம் அங்கேயே இருக்கிறது, போனது ஆக்சிஜன்தான். குழாயின் மேற்பரப்பில் மட்டும் ஒரு நீல வளையம் எஞ்சி நிற்பதையும் காட்டுங்கள்.

இதைக் கண்டபின் வகைகளைச் சொன்னால் அவை தங்கும். ஆக்சிஜன் இன்றி வாழாதவை உண்டு. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரும் ஈ. கோலை போன்றவை உண்டு. ஆக்சிஜனைப் பயன்படுத்தாமல் அதைச் சகித்துக்கொண்டு வாழும் தயிர் பாக்டீரியாக்கள் உண்டு. ஆக்சிஜன் பட்டாலே வளராத கிளாஸ்டிரிடியம் போன்றவையும் உண்டு. காற்றுப் புகாமல் அடைத்த டப்பா உணவு எப்போதும் பாதுகாப்பானது என்ற எண்ணம் ஏன் தவறு என்பதற்குக் கடைசி வகையே விடை.

நான்காம் படி: அகர் தட்டு, வசதி இருந்தால் மட்டும்

கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளர்வதைக் காட்ட, ஊட்டம் கலந்த அகர் என்னும் கடல்பாசிக் கூழை ஊற்றி உறையவைத்த அகர் தட்டே வழி. ஆனால் எந்த பாக்டீரியா வளர்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதால், தயிர்க் குவளைக்கு இல்லாத கட்டுப்பாடுகள் இதற்கு உண்டு. கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்க முடியாத பள்ளியில் இதைத் தவிர்த்துவிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் தொடக்கத்தில் உருளைக்கிழங்குத் துண்டுகளின் மீதும், பின்னர் ஜெலட்டின் மீதும் பாக்டீரியாவை வளர்த்தார். ஜெலட்டின் வெயில் காலத்தில் உருகிவிடும்; சில பாக்டீரியாக்கள் அதையே கரைத்துவிடும். அவரது ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகரை அதற்குப் பதிலாகப் பரிந்துரைத்தார். சுமார் 85 டிகிரிக்கு மேல்தான் உருகும், 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும் என்ற அகரின் விந்தையான பண்பு நுண்ணுயிரியலுக்கு அடித்தளம் ஆயிற்று. மூடியுள்ள தட்டை ரிச்சர்ட் பெட்ரி 1887-இல் விவரித்தார். அகர் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. நோன்புக் காலத்தில் வீடுகளில் செய்யும் கடல்பாசி அதுதான். மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கப்படுகிறது.

ஆய்வகப் பொருள் கடைகளில் கிடைக்கும் ஊட்ட அகர் பொடியை டப்பாவில் குறித்துள்ள அளவில், பொதுவாக லிட்டருக்கு 28 கிராம், நீரில் கரைத்துக் கூம்புக்குடுவையில் பஞ்சு அடைத்து, குக்கரில் வையுங்கள். வெயிட் போட்டு முழு அழுத்தம் வந்தபின் 15 முதல் 20 நிமிடம் வைத்தால், 121 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வித்துகளும் அழியும். கண்ணாடிப் பெட்ரித் தட்டுகளையும் தாளில் பொதிந்து அதேபோல் கிருமி நீக்கம் செய்துகொள்ளலாம். ஊடகம் கையால் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு, ஏறக்குறைய 50 டிகிரிக்கு வந்ததும் ஊற்ற வேண்டும். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியில் நீர்த்துளிகள் படிந்து தட்டின் மீது சொட்டும்.

மாதிரியை மரத்தின் இலையிலிருந்தோ, நாணயத்திலிருந்தோ, அரை மணி நேரம் திறந்து வைத்த தட்டின் மீது விழும் காற்றுத் தூசியிலிருந்தோ எடுக்கலாம். மூக்கு, தொண்டை, புண், கழிப்பறை, சாக்கடை, விலங்குகளின் கழிவு ஆகியவற்றிலிருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது. ஒரு தட்டைத் திறக்காமலே ஒப்பீட்டுக்கு வையுங்கள். மூடியை இரண்டு அல்லது நான்கு இடங்களில் மட்டும் டேப் ஒட்டிப் பொருத்துங்கள்; சுற்றிலும் ஒட்டினால் உள்ளே காற்றில்லாச் சூழல் உண்டாகி, தீங்கு செய்யும் இனங்களுக்கு வசதியாகிவிடும். பெயரையும் தேதியையும் தட்டின் அடிப்பாகத்தில் எழுதி, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள்.

எந்த வெப்பநிலையில் வைப்பது என்பதுதான் நம் ஊரில் சிக்கலான கேள்வி. மனித உடலில் வளரும் கிருமிகளுக்கு 37 டிகிரி உகந்தது என்பதால், பள்ளித் தட்டுகளை அந்த வெப்பத்தில் வைக்கவே கூடாது. 25 டிகிரி அளவில் வைப்பதே நல்லது. சித்திரை, வைகாசி மாதங்களில் நம் அறைகளே 35 டிகிரியைத் தொடும். எனவே இந்தச் செய்முறையை மார்கழி, தை மாதங்களுக்கு ஒத்திவைத்து, நிழலான தரைத்தள அறையில் இரண்டு மூன்று நாள் வைப்பதே சரி. தட்டுகளை மாணவர்கள் மூடியோடுதான் பார்க்க வேண்டும். பளபளப்பாக வழுவழுவென்று இருப்பவை பெரும்பாலும் பாக்டீரியா. பஞ்சுபோலப் படர்ந்திருப்பவை பூஞ்சை. ஒரு புள்ளியில் கோடிக்கணக்கில் செல்கள் இருக்கும் என்றும், அது பெரும்பாலும் ஒரு செல்லிலோ ஒட்டியிருந்த ஒரு சிறு கொத்திலோ தொடங்கியது என்றும் சொன்னால், முதல் நாள் போட்ட கணக்கு கண்முன் நிற்கும்.

பார்த்து முடித்ததும் கண்ணாடித் தட்டுகளைத் திறக்காமலே பாத்திரத்தில் அடுக்கி, குக்கரில் முழு அழுத்தத்தில் 20 நிமிடமாவது வைத்துவிட்டு, அதன் பிறகுதான் கழுவ வேண்டும். இந்த வேலையை ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ செய்ய வேண்டும். மாணவர்களிடம் விடக் கூடாது. இதற்குப் பயன்படுத்திய குக்கர் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது.

வீட்டுக்குக் கொடுக்கும் வேலை

இட்லி மாவை இதற்குப் பயன்படுத்தலாம். நேரான பக்கங்களுள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு மாவை ஊற்றி, ஒன்றை அடுப்பங்கரையிலும் மற்றொன்றைக் குளிர்ந்த இடத்திலும் வைத்து, மாவின் உயரத்தை இரவிலும் காலையிலும் அளந்துவரச் சொல்லுங்கள். மாவைப் பொங்கவைப்பதில் லூக்கனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அது உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடு மாவில் சிக்கிக்கொள்வதால் மாவு எழும்புகிறது. கையால் கரைத்தால்தான் புளிக்கும் என்ற பேச்சு கட்டாயம் வரும். இந்த பாக்டீரியா பெருமளவு உளுந்திலிருந்தே வருகிறது என்பதால், ஒரு குவளையைக் கையாலும் மற்றொன்றைக் கரண்டியாலும் கரைத்துப் பார்க்கும் சோதனையை ஆர்வமுள்ளவர்களுக்குக் கொடுக்கலாம். மாவின் உயரம் வாயுவின் அளவைத்தான் காட்டுகிறது, பாக்டீரியாவின் எண்ணிக்கையை நேரடியாகக் காட்டவில்லை என்பதை அவர்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மதிப்பிடும்போது, வளர்ச்சிக்குத் தேவையான ஐந்து சூழல்களை எழுதுக என்ற வினாவைக் கைவிட்டு, சூழலைச் சொல்லி விளைவைக் கேளுங்கள். ஃபிரீசரில் ஒரு மாதம் இருந்த மீனை வெளியே எடுத்து மாலைவரை மேசையில் வைத்தால் என்ன ஆகும்? ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் ஏன் கெடுகிறது? காய்ச்சிய பாலை மூடி வைத்தும் மூன்றாம் நாள் ஏன் நாறுகிறது? ஒவ்வொன்றிலும் பாக்டீரியா முன்பு நின்றிருந்ததா, இறந்திருந்ததா, எந்தச் சூழல் மாறியதால் மீண்டும் வளர்ந்தது என்ற இரண்டையும் எழுதினால் மட்டுமே முழு மதிப்பெண் கொடுங்கள்.